முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

மோட்டார் சைக்கிள் டயர் சொல்லும் சேதி – வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகள்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறதா?

இருந்தால், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டியின் முன்னால் போய்க் குந்தி உட்காருங்கள். முன் சக்கரத்தின் டயரை நேருக்கு நேர் பாருங்கள்.

டயரின் நடுப்பாகம் எப்படி இருக்கிறது? இடப் பக்கம் எப்படி? வலப் பக்கம் எப்படி? மூன்று இடத்திலும் பட்டன் ஒரே அளவு உயரமாக இருக்கிறதா? அல்லது ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகி விட்டதா?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களும், "டயர் மட்டம். இரண்டே வருடத்தில் தேய்ந்து விட்டது" என்று டயரைத் திட்டுவார்கள். புது டயர் வாங்கிப் போடுவார்கள். அதுவும் அதே இடத்தில், அதே மாதிரி தேயும். மறுபடியும் பணம் போகும்.

குற்றம் டயரிடம் இல்லை. வண்டியில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. அல்லது ஓட்டுகிற முறையில் இருக்கிறது. அல்லது சாலையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைத்தான் டயர் சொல்லிக் கொண்டிருக்கிறது.

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லி நோயைக் கண்டுபிடிப்பது போல, நல்ல மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்தே வண்டியின் நோயைச் சொல்லி விடுவார். அந்த வித்தையை நீங்களும் கற்றுக் கொள்ளலாம். கஷ்டமான வித்தை அல்ல.

முன் டயருக்கு என்ன வேலை?

மோட்டார் சைக்கிளில் இரண்டு டயர்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

என்ஜினின் சக்தி பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. வண்டியைத் தள்ளுவது பின் டயர். பின்னால் உட்காருகிறவரின் பாரமும் பெரும்பாலும் அதன் மேல்தான். ஆகவே பெரும்பாலான வண்டிகளில் பின் டயர்தான் முதலில் தேயும்.

முன் டயருக்கு இரண்டு முக்கிய வேலைகள். ஒன்று, வண்டியைத் திருப்புவது. இன்னொன்று, நிறுத்துவது.

பிரேக் பிடித்தவுடன் என்ன நடக்கிறது? நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். வண்டியின் மூக்கு கீழே அமுங்குகிறது. பாரம் முழுவதும் முன் சக்கரத்தை நோக்கி ஓடுகிறது. அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் டயருடையது.

பின் டயர் வழுக்கினால் வண்டி ஆடும். பல சமயம் சமாளித்து விடலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரம் இருக்காது. வண்டி படுத்து விடும். அதனால்தான் முன் டயரின் தேய்மானத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

இரண்டு தீப்பெட்டி அகலம்

முன் டயர் தரையில் எவ்வளவு இடத்தில் படுகிறது தெரியுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியின் எடை 110 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ. மொத்தம் 175 கிலோ. இதில் முன் சக்கரத்தின் பங்கு 75 கிலோ என்று வைத்துக் கொள்வோம். அதாவது 165 பவுண்டு.

டயரில் காற்று சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு. 165-ஐ 25-ஆல் வகுத்தால் சுமார் ஆறரை. ஆக, முன் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஆறரை சதுர அங்குலம். இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடையும் இடத்தைவிடச் சற்றுக் கூட. அவ்வளவுதான்!

கணவன், மனைவி, குழந்தை என்று ஒரு குடும்பமே போகிற வண்டிக்கு முன்னால் இருக்கிற பிடிப்பு இந்தக் கையளவு ரப்பர்தான்.

இப்போது காற்று 15 பவுண்டாகக் குறைந்து விட்டது என்று வையுங்கள். 165-ஐ 15-ஆல் வகுத்தால் 11. டயர் அமுங்கி, தரையில் படும் இடம் ஏறக்குறைய 11 சதுர அங்குலமாகப் பரவுகிறது. "அதிக இடம் படுவது நல்லதுதானே?" என்று கேட்கலாம். இல்லை. டயரின் ஓரங்கள் தேவையில்லாமல் தரையில் உரசுகின்றன. டயர் மடங்கி மடங்கிச் சூடாகிறது. ஓரம் தேய்கிறது. ஹேண்டில்பார் கனக்கிறது.

காற்றுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

தீக்குச்சிச் சோதனை

தேய்மானத்தை அளக்கக் கருவி விற்கிறது. ஆனால் வீட்டில் உள்ள தீக்குச்சியே போதும்.

டயரின் நடுவில் உள்ள ஒரு பள்ளத்தில் தீக்குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பட்டனின் மேல் மட்டம் எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு போடுங்கள். அதே போல இன்னொரு குச்சியால் இடப் பக்கம். இன்னொன்றால் வலப் பக்கம். மூன்று குச்சிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பக்கங்களில் ஆழமான பள்ளமும் நடுவில் ஆழம் குறைந்த பள்ளமுமாகவே சில டயர்கள் தயாராகின்றன. ஆகவே இடத்தையும் வலத்தையும் ஒப்பிடும்போது, ஒரே மாதிரியான பள்ளங்களை அளக்க வேண்டும்.

சக்கரத்தைக் கால் வட்டம் சுற்றி இன்னொரு தடவை அளங்கள். இன்னும் இரண்டு இடங்களிலும் அளங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, அல்லது ஓர் இடத்தில் மட்டுமா என்பது தெரிந்து விடும்.

இப்போது உங்கள் டயர் கீழே சொல்லும் எந்த வகையில் சேருகிறது என்று பாருங்கள்.

நடுவில் மட்டும் தேய்ந்தால்...

பக்கங்கள் புதிதாக இருக்கின்றன. நடுவில் மட்டும் ஒரு பட்டை போலத் தேய்ந்து தட்டையாகி இருக்கிறது.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, காற்று அதிகம். காற்று அதிகமானால் டயர் உப்பி, நடுப்பாகம் மட்டும் தரையில் படும். இரண்டு, நேர் சாலையிலேயே ஓடுவது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவரின் வண்டி எங்கே சாயப் போகிறது? நடுப்பாகம்தான் தேயும். இது இயல்பு.

முதலில் காற்றைச் சோதியுங்கள். சரியான அளவு எவ்வளவு? அடுத்தவரைக் கேட்காதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தின் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு முன் சக்கரத்தில் 25 பவுண்டுதான். பெரிய வண்டிகளுக்கு இதைவிடக் கூடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக் கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

"நாலு நாள் தாங்கட்டும், நல்லா அடிச்சு விடுப்பா" என்று பஞ்சர் கடையில் சொல்கிறவர்கள் உண்டு. தேய்வது அவர்களுடைய டயர்தான்!

இரண்டு ஓரமும் தேய்ந்தால்...

நடுவில் பட்டன் உயரமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கிறது.

முதல் சந்தேகம், காற்றுக் குறைவு. முன் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் சட்டென்று தெரியாது. பின் சக்கரத்தில் குறைந்தால் பின்னால் இருக்கிறவரே சொல்லி விடுவார். முன் சக்கரம் வாய் திறக்காது. மாதக் கணக்கில் அப்படியே ஓடும்.

வாரம் ஒரு முறை காற்றைச் சோதிக்க வேண்டும். அதுவும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு. ஓடியபின் டயர் சூடாகி, காற்றின் அழுத்தம் கூடியிருக்கும். அப்போது அளந்தால் சரியான கணக்கு வராது.

வாரா வாரம் அடித்தும் குறைந்து கொண்டே போகிறதா? பஞ்சர் கடைக்காரர் செய்வதைப் போல, வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் தடவிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் வால்வு கசிகிறது. வராவிட்டால் டியூபில் ஓட்டை இருக்கலாம்.

இரண்டாவது காரணம், வளைவுகள். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதையில் 40. இப்படிப்பட்ட மலைப் பாதையில் தினமும் ஓடும் வண்டி இடமும் வலமும் மாறி மாறிச் சாயும். இறக்கத்தில் முன் பிரேக்கும் வேலை செய்யும். இரண்டு பக்கமும் தேய்வது அங்கே சகஜம்.

வலப் பக்கம் மட்டும் தேய்ந்தால்...

வாசகர்களில் பலருக்கு ஆச்சரியம் தருவது இதுதான். நம் நாட்டில் பல வண்டிகளில் முன் டயரின் வலப் பக்கம், இடப் பக்கத்தைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருக்கும். அமெரிக்காவில் ஓட்டுகிறவர்கள், "எங்கள் டயரில் இடப் பக்கம் தேய்கிறது" என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

நாம் சாலையின் இடப் பக்கம் போகிறோம். அவர்கள் வலப் பக்கம் போகிறார்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது.

மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். தார்ச் சாலையில் இந்தச் சரிவு சுமார் 100-க்கு 2 வீதம் இருக்கும். நாம் போகும் இடப் பக்கத்தில் சாலை இடது கைப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. வண்டியோ நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே டயரின் வலப் பக்கத்துக்குத்தான் சாலை கொஞ்சம் மேடாக இருக்கிறது. அந்தப் பக்கம்தான் அதிகம் உரசுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்சந்தியில் இடப் பக்கம் திரும்புவது சிறிய வளைவு. வலப் பக்கம் திரும்ப வேண்டுமானால் சாலையின் குறுக்கே போய்ப் பெரிய வளைவு போட வேண்டும். இட வளைவின் ஆரம் 4 மீட்டர் என்றால், கால் வட்டத்தின் நீளம் 6 மீட்டரைச் சற்றுத் தாண்டும். வல வளைவின் ஆரம் 10 மீட்டர் என்றால், அதன் நீளம் 15 மீட்டருக்கு மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம்! ரவுண்டானாவில் சுற்றும்போதும் நாம் வலப் பக்கம்தான் சாய்கிறோம். ஒவ்வொரு நாளும் இப்படிச் சாய்ந்தால் எந்தப் பக்கம் அதிகம் தேயும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே வலப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். வண்டியில் கோளாறு இல்லை.

ஆனால் வித்தியாசம் பெரிதாக இருந்தாலோ, இடப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ விசாரிக்கத்தான் வேண்டும்.

பாரம் ஒரு பக்கமா?

முதலில் சாமான் ஏற்றும் முறையைப் பாருங்கள். ஒரு பால் வியாபாரியை எடுத்துக் கொள்வோம். பெரிய கேனை வண்டியின் இடப் பக்கம் மட்டும் தொங்க விடுகிறார். பாரம் இடப் பக்கம் இழுக்கிறது. வண்டி விழாமல் இருக்க, அவரை அறியாமலேயே வண்டியை வலப் பக்கம் சாய்த்து ஓட்டுகிறார். நாள் முழுவதும் டயரின் வலப் பக்கத்தில்தான் வண்டி ஓடுகிறது. டயர் தேய்ந்ததும் கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்!

இரண்டு பக்கமும் சம எடை தொங்கினால் போதும். கோளாறு தீர்ந்தது.

"எப்போதும் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்துவதால் ஒரு பக்கம் தேயுமா?" என்று சிலர் கேட்பது உண்டு. தேயாது. டயர் உருளும்போதுதான் தேயும், உரசும்போதுதான் தேயும். நிற்கிற டயர் தேய்வதில்லை.

வண்டி எப்போதாவது விழுந்ததா?

அடுத்த கேள்வி இது. வண்டி விழுந்தால் முதலில் அடிபடுவது முன் போர்க்.

நேராகப் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணலாக நிற்கிறதா? போர்க் குழாய்கள் அவற்றைப் பிடித்திருக்கும் கட்டைகளில் முறுக்கிக் கொண்டிருக்கலாம். சாலையோரத்தில், சக்கரத்தை இரண்டு கால்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்துக் கொண்டு ஹேண்டில்பாரைத் திருகி நேராக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களைச் சரியாக நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். குழாயே வளைந்திருந்தால் மெக்கானிக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

"கார் மாதிரி வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகுமா?" காரில் முன்னால் இரண்டு சக்கரங்கள். அவை ஒன்றையொன்று பார்த்தபடி கோணலானால் டயர் தேயும். மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரே சக்கரம். ஆகவே காருக்குச் செய்யும் அந்த வேலை இங்கே இல்லை. இங்கே பார்க்க வேண்டியது, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேர் கோட்டில் இருக்கின்றனவா என்பதைத்தான்.

செயினை இறுக்கும்போது பின் சக்கரத்தின் இரு பக்கமும் சம அளவு நகர வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் கோடுகள் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மூன்றாவது கோடு, மறு பக்கம் நான்காவது கோடு என்று இருந்தால் பின் சக்கரம் கோணல். வண்டி நண்டு போலப் போகும். ஓட்டுகிறவர் அதற்கு ஈடு கொடுத்து ஹேண்டில்பாரைப் பிடிப்பார்.

மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால்...

உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னோக்கித் தடவுங்கள். பிறகு பின்னோக்கித் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும், மறு பக்கம் ரம்பத்தின் பல் போலவும் உறுத்துகிறதா? பட்டன்களின் ஒரு விளிம்பு தேய்ந்து, மறு விளிம்பு நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. முன் டயரில் பிரேக்கின் இழுப்பு ஒரே திசையில்தான் விழுகிறது. அதனால் இப்படி ஆகும்.

ஆனால் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அது வேறு விஷயம். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து "கொர்ர்" என்று ஒரு சத்தம் வரும். ஹேண்டில்பார் நடுங்கும்.

டயர் தரையில் ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஏன் துள்ளுகிறது? காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: காற்றுக் குறைவு, முன் போர்க்கில் ஆயில் குறைந்தது அல்லது கெட்டுப் போனது, கோன் செட்டில் ஆட்டம், சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம், சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. கடைசிக் காரணம் வேகமாக ஓடும் பெரிய வண்டிகளில்தான் அதிகம் தெரியும்.

ஒரே இடத்தில் தேய்ந்தால்...

சுற்றிலும் நன்றாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக, அரைத்து எடுத்தது போல இருக்கிறது. சக்கரம் சுற்றாமல் தேய்த்துக் கொண்டே போனதன் அடையாளம் அது. நாயோ ஆடோ குறுக்கே வந்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பீர்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லையா? அப்படியானால் ரிம்மைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்திருக்கலாம். கம்பிகள் தளர்ந்து சக்கரத்தில் கோட்டம் விழுந்திருக்கலாம். கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி "கிண்" என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி "தொப்" என்று ஒலிக்கும்.

வீட்டிலேயே ஐந்து சோதனைகள்

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் பின்னால் அமுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

1. கோட்டம்: விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைப் போர்க்கோடு சேர்த்துப் பிடியுங்கள். அதன் நுனி ரிம்முக்கு மிக அருகில் இருக்கட்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது.

2. பேரிங்: சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து, இடமும் வலமும் அசையுங்கள். "டக் டக்" என்று ஆடினால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்து விட்டது.

3. கோன் செட்: போர்க்கின் கீழ் நுனிகளை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கோன் செட்டை இறுக்க வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் "கடக்" என்று சிக்கினால் கோன் செட்டையே மாற்ற வேண்டும்.

4. போர்க்: வண்டியைக் கீழே இறக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக் கொண்டு ஹேண்டில்பாரைப் பலமாக அமுக்கி விடுங்கள். மேலே எழும்பி அப்படியே நின்றால் நல்லது. ஊஞ்சல் போல இரண்டு மூன்று தடவை ஆடினால் போர்க் ஆயில் போய்விட்டது. குழாயில் எண்ணெய்ப் பசை வளையமாகத் தெரிந்தால் ஆயில் சீல் கசிகிறது.

5. நேர் கோடு: இரண்டு பேர் வேண்டும். ஒரு நீளக் கயிற்றைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, அதன் இரு நுனிகளையும் வண்டியின் இரு பக்கமும் முன்னால் கொண்டு வாருங்கள். ஸ்டாண்டில் இடிக்காமல் தாழ்வாகப் பிடியுங்கள். கயிறு பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொட்டபடி நேராக இருக்கட்டும். இப்போது முன் டயருக்கு இரு பக்கமும் உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனையைச் சிலர் செய்வார்கள். ஓடும் வண்டியில் இரண்டு கைகளையும் விட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள்! கோன் செட் தளர்ந்த வண்டியில் கையை விட்டால் ஹேண்டில்பார் படபடவென்று அடித்துக் கொள்ளும். உயிருக்கே ஆபத்து.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"டயர் தேயுது, பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "வலப் பக்கம் தேய்ந்திருக்கிறது. காற்று 25 பவுண்டு சரியாக இருக்கிறது. அமுக்கினால் முன்பக்கம் மூன்று தடவை ஆடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை சுலபம். உங்களுக்கும் தேவையில்லாத செலவு மிச்சம்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. காரணத்தைச் சரி செய்த பிறகுதான் டயரை மாற்ற வேண்டும். காற்றில் தொடங்குங்கள், அதற்குச் செலவு இல்லை. அடுத்து சாமான் ஏற்றும் முறை. அடுத்து செயின் கோடுகள். அடுத்து போர்க், கோன் செட், பேரிங். கடைசியில்தான் டயர்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். எங்கே இருக்கின்றன என்று காட்டப் பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோ இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) இருசக்கர வண்டிக்கு விதித்திருக்கும் எல்லை 0.8 மில்லிமீட்டர்.

அது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. மழைக் காலத்தில் பள்ளங்களின் வழியாகத்தான் தண்ணீர் விலகிப் போகிறது. பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீரின் மேல் டயர் வழுக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றி விடுவது புத்திசாலித்தனம்.

ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும் கணக்கு அதேதான். மிகவும் தேய்ந்த இடம் எதுவோ, அதுதான் டயரின் வயது. "மறு பக்கம் புதுசாகத்தானே இருக்கிறது" என்று ஓட்டக் கூடாது. நீங்கள் வலப் பக்கம் திரும்பும்போது வண்டி நிற்பது வலப் பக்கத்தில்தான்!

மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இருசக்கர வண்டிக்கு அது விஷப் பரீட்சை. மெலிந்த ரப்பரை மேலும் அறுத்தால் உள்ளே நூல்தான் மிச்சம்.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். உதாரணமாக 2324 என்று இருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பழைய சரக்கை வாங்கி ஏமாற வேண்டாம். சுழலும் திசையைக் காட்டும் அம்புக் குறி இருந்தால் அதன்படி மாட்டச் சொல்லுங்கள். முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் மேல் தோல் வழுக்கும்.

மகனுக்காகப் பிறந்த டயர்

காற்றடைத்த டயரின் கதையும் ஒரு குடும்பக் கதைதான். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்டு டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். கல் பாவிய தெருவில் உடம்பு குலுங்கியது. மகன் படும் பாட்டைப் பார்த்த தகப்பனார், 1887-இல் ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அதற்குப் பதிவு உரிமை பெற்றார். அவருக்கு முன்பே 1845-இல் ராபர்ட் தாம்சன் என்பவர் அதே யோசனைக்கு உரிமை வாங்கியிருந்தார். ஆனால் உலகம் முழுவதும் பரவியது டன்லப்பின் டயர்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எப். டயர் கம்பெனி ஆயிற்று. அதே திருவொற்றியூரில்தான் என்பீல்டு புல்லட்டும் தயாராயிற்று. பலூனில் தொடங்கிய காற்று, ஊர் ஊராக வண்டிச் சக்கரங்களில் ஓடியது!

தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் கார், பஸ் எல்லாம். பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையும், மார்க்கெட்டுக்கு மூட்டையும், ஆஸ்பத்திரிக்குப் பாட்டியும் போவது அதில்தான். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்கூடத் தீக்குச்சிச் சோதனையைச் செய்யலாம். வாரம் ஒரு நாள் காற்று, மாதம் ஒரு நாள் தீக்குச்சி. நாட்காட்டியில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். டயருக்கும் ஆயுள் கூடும், ஓட்டுகிறவருக்கும் கூடும்.